கருமுட்டைக்கு என்ன வயது?

தீபாவளிக்கு உறவினர் வீட்டுக்குப் போனால் முறுக்குத் தட்டோடு ஒரு கேள்வியும் வரும்: “விசேஷம் ஏதும் உண்டா?” “முதலில் பிடிஓ வீடு கிடைக்கட்டும், அத்தை” என்று சமாளித்திருப்பீர்கள். நானும் சமாளித்திருக்கிறேன். கேள்வி எரிச்சலூட்டினாலும், அதற்குப் பின்னால் இருக்கும் உயிரியலைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

உங்களுக்கு 32 வயது என்றால் உங்கள் கருமுட்டைகளுக்கு என்ன வயது? அவை உங்களைவிடச் சில மாதங்கள் மூத்தவை! நீங்கள் தாயின் வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோதே உங்கள் கருவகங்களில் ஆறு முதல் ஏழு மில்லியன் முட்டைகள் இருந்தன. பிறந்தபோது ஒன்று முதல் இரண்டு மில்லியன். பூப்பெய்தும் வயதில் ஏறக்குறைய 300,000. 37 வயது வாக்கில் சுமார் 25,000. இவற்றில் மாதாமாதம் வெளிவருபவை வாழ்நாளில் 400 முதல் 500 மட்டுமே. மற்றவை தாமாகவே அழிகின்றன. கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் முட்டைகள் மிச்சமாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். மிச்சமாகாது.

எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம். 46 குரோமோசோம்கள் 23 ஆகும் ஒடுக்கற்பிரிவைப் பள்ளியில் படித்தது நினைவிருக்கிறதா? முட்டை அந்தப் பிரிவைக் கருவிலேயே தொடங்கி, பாதியில் நிறுத்திவிடுகிறது. அது வெளிவரப்போகும் மாதத்தில்தான் வேலை மீண்டும் தொடங்கும். அதுவரை குரோமோசோம்களைப் பிணைத்து வைப்பது கோஹீசின் என்னும் புரதம். வகுப்பில் இதை ரப்பர் பேண்டு என்று சொல்வேன். 35 ஆண்டுகள் மேசை இழுப்பறையில் கிடந்த ரப்பர் பேண்டு எப்படி இருக்கும்? பிடி தளர்ந்தால் குரோமோசோம்கள் தவறாகப் பிரியும். வயது ஏற ஏறக் கருச்சிதைவு கூடுவதற்கு இது பெரிய காரணம். டவுன் குறைபாட்டோடு குழந்தை பிறக்கும் வாய்ப்பு, தாய்க்கு 25 வயதில் ஏறக்குறைய 1,250இல் ஒன்று. 35இல் 350க்கு ஒன்று. 40இல் 100க்கு ஒன்று. கடைசி எண்ணைத் திருப்பியும் படியுங்கள்: 100இல் 99 குழந்தைகளுக்கு அது இல்லை.

கணவர்மார்களும் கவனிக்கவும். விந்தணு உருவாக இரண்டரை மாதம் போதும் என்பதால் ஆணுக்கு வயதே இல்லை என்று பொருளல்ல. தந்தையின் வயது ஓராண்டு கூடினால் குழந்தையின் மரபணுத் தொகுதியில் சராசரியாக இரண்டு புதிய மாற்றங்கள் கூடுகின்றன என்று ஐஸ்லாந்தில் நடந்த ஆய்வு 2012இல் காட்டியது. பெரும்பாலானவை தீங்கற்றவை. ஆனாலும் கருத்தரிப்பு தாமதமானால் மனைவியை மட்டும் பரிசோதனைக்கு அனுப்பும் வழக்கம் எனக்குப் புரிவதே இல்லை. விந்துப் பரிசோதனை எவ்வளவோ எளிது.

சிங்கப்பூரில் 2023 ஜூலை முதல், 21 முதல் 37 வயதுப் பெண்கள் மருத்துவக் காரணம் இல்லாமலும் கருமுட்டைகளை உறைய வைக்கலாம். மைனஸ் 196 டிகிரியில் முட்டையின் வயது அப்படியே நின்றுவிடுகிறது. உறைய வைத்த முட்டை எல்லாம் குழந்தையாகாது. சட்டப்படி திருமணமானவர்கள்தான் அவற்றைப் பயன்படுத்தவும் முடியும். வங்கிச் சேமிப்பைப் போல் அதை நம்பிவிடாதீர்கள்.

முயற்சி தொடங்கி ஓராண்டு ஆகியும் கருத்தரிக்கவில்லை என்றால் இருவரும் மருத்துவரைப் பாருங்கள். மனைவிக்கு 35 வயது கடந்திருந்தால் ஆறு மாதம் போதும். முயற்சிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே மனைவி தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கத் தொடங்கலாம். குழந்தையின் முதுகுத்தண்டுவடக் குழாய் முதல் நான்கு வாரங்களிலேயே மூடிக்கொள்ளும். பல பெண்களுக்குக் கருவுற்றது அப்போது தெரிந்தே இருக்காது.