ஐ-ஐ

ஆப்பிரிக்காவின் கீழ்க்கரைக்கு அப்பால், ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவில், இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கர் என்னும் தீவு அமைந்துள்ளது. உலகத் தீவுகளுள் பரப்பால் இது நான்காவது. ஆப்பிரிக்காவிற்கு இத்துணை அண்மையில் இருந்தும், அக்கண்டத்திற்கே உரிய யானையோ, சிங்கமோ, வரிக்குதிரையோ இத்தீவில் இயற்கையாக வாழ்தல் இல்லை. குரங்கும் இல்லை, அணிலும் இல்லை, மரங்கொத்தியும் இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே இந்நிலம் ஏனைய நிலங்களினின்றும் பிரிந்து தனித்துவிட்டமையே இதற்குக் காரணம். அங்ஙனம் தனித்து நின்ற நிலத்தில், வேறெங்கும் காணவியலாத உயிர்கள் பல தோன்றிப் பெருகின. லெமூர் என்னும் விலங்கினம் அவற்றுள் ஒன்று. அவ்வினத்தில் நூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உள்ளன. அவற்றுள்ளும் பெரிதும் புதுமை வாய்ந்தது ஐ-ஐ எனப்படும் விலங்காகும்.

இதனை முதன்முறை காண்பவர், வெவ்வேறு விலங்குகளின் உறுப்புகளைக் கூட்டி எவரேனும் விளையாட்டாகச் செய்த உருவமோ என்று ஐயுறுவர். செவிகள் வெளவாலின் செவிகளைப்போல் அகன்று, மயிரின்றிக் கருத்துத் தோன்றும். முன்பற்கள் அணிலின் பற்களைப்போல் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கட்டையைக் கறித்துத் தேய்க்காவிடின் அவை நீண்டு துன்பம் தரும். வால் நரியின் வாலினும் அடர்ந்தது. உடலின் நீளம் ஏறத்தாழ 40 செண்டிமீட்டர் என்றால், வாலின் நீளம் அதனினும் மிகுதி. கருமை கலந்த பழுப்பு மயிரின் நுனி வெளுத்திருத்தலால், நரை தோன்றிய முதியோனைப்போல் இது காணப்படும். எடை இரண்டரைக் கிலோகிராம் அளவே. வீட்டுப் பூனையினும் சிறியது. பகலெல்லாம் இலையாலும் சுள்ளியாலும் பந்துபோல் அமைத்த கூட்டினுள் சுருண்டு துயின்று, இருள் பரந்தபின்னரே இரை தேடப் புறப்படும்.

இவையெல்லாம் ஒருபுறம் இருக்க, காண்பார் கண்ணை உடனே ஈர்ப்பது இதன் கைவிரலே. ஏனைய விரல்கள் சதைப்பற்றுடன் இருக்க, நடுவிரல் மட்டும் ஈர்க்குப்போல் மெலிந்து, எலும்பும் தோலுமாய் நிற்கும். நம் விரலின் அடிமூட்டு எத்திசையிலும் சுழல வல்லதன்று. இவ்விரலின் அடிமூட்டோ நம் தோள்மூட்டைப்போல் கிண்ணத்துள் பந்து சுழல்வதாய் அமைந்தது. ஆகலின் இது நினைத்த திசையிலெல்லாம் திரும்பும். இதன் வாழ்வும் இவ்விரலே. இதன் சாவுக்குக் காரணமாய் நிற்பதும் இவ்விரலே. அது யாங்ஙனம் என்பது பின்னர்த் தெரியவரும்.

இவ்விலங்கை மேலை நாட்டார்க்கு முதன்முதல் அறிவித்தவர் பியேர் சொன்னெரா என்னும் பிரெஞ்சுக்காரர். இவர் தமிழ்மக்களுக்கு முற்றிலும் அயலவர் அல்லர்; புதுச்சேரியில் ஆண்டுகள் பல தங்கியவர்; நம் நாட்டுப் பழக்கவழக்கங்களைக் கண்டெழுதியவர். நம் மலைக்காடுகளில் திரியும் சாம்பல்நிறக் காட்டுக்கோழி இன்றும் அறிவியல் நூல்களில் இவர் பெயராலேயே வழங்குகிறது. 1782-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் வெளிவந்த தம் பயணநூலில், இவர் மடகாஸ்கரின் இப்புதிய விலங்கைப் பற்றியும் எழுதினார். தீவின் மேலைப்பகுதியிற் பிடிபட்ட விலங்கைக் கீழைப்பகுதி மக்களுக்குக் காட்டியபோது, அவர்கள் அதுவரை அதனைக் கண்டறியாதவராய், வியந்து கூவிய ஒலியையே அதற்குப் பெயராக இட்டதாக அவர் குறித்துள்ளார். அவ்வொலி 'ஐ-ஐ' என்பது. இப்பெயர்க்காரணத்தை ஒப்பாதாரும் உளர். தமிழிலும் 'ஐ' என்னும் ஓரெழுத்து ஒருமொழிக்கு வியப்பு என்பது ஒரு பொருள். தொல்காப்பியர் உரியியலில் இதனைக் கூறியுள்ளார். இவ்விரண்டிற்கும் உறவு கற்பித்தல் பொருந்தாது. எனினும் வியப்பிற்கு வாய் திறக்கும் முறை எந்நாட்டு மக்கட்கும் ஏறக்குறைய ஒன்றே போலும்.

பெயர் கிடைத்தது, இனம் எது என்பது விளங்கவில்லை. சொன்னெராவின் நூல் வெளிவந்து ஆறு ஆண்டுகள் கழிந்தபின், 1788-இல், ஜெர்மானிய அறிஞராகிய கிமெலின் இதன் பற்களை நோக்கி, இஃது ஓர் அணிலே என்று பட்டியலில் எழுதினார். பல்லைக் கொண்டு இனம் துணிதல் அக்கால வழக்கம். கையையும் கண்ணையும் நோக்கியோர், இஃது அணில் அன்று, குரங்கினத்தைச் சார்ந்தது என்றனர். இவ்வழக்கு முக்கால் நூற்றாண்டு நீடித்தது.

அதனைத் தீர்க்கப் பெரிதும் உதவியவர் சாண்டுவித் என்னும் ஆங்கில மருத்துவர். மொரீசியசுத் தீவில் அரசு அலுவலராய் இருந்த அவர், உயிருள்ள ஐ-ஐ ஒன்றை வரவழைத்துக் கூண்டில் வளர்த்தார். ஒருநாள் அது ஏறி விளையாடுதற்பொருட்டுச் சில மரக்கிளைகளைக் கூண்டினுள் இட்டார். அவை புழு துளைத்த கிளைகள். விலங்கு உடனே எழுந்து ஒரு கிளையை அணுகியது. செவிகளை முன்னோக்கி மடக்கியது. மூக்கை மரப்பட்டையின் அருகே வைத்தது. மெலிந்த விரலால் விரைந்து விரைந்து தட்டியது. ஓரிடத்தில் நின்றது, வன்மை மிக்க பற்களால் அவ்விடத்தைப் பெயர்த்தது, பின்னர் அதே விரலைத் துளையினுள் நுழைத்துப் புழுவை வெளியே ஈர்த்து உண்டது. சாண்டுவித் தாம் கண்டவற்றை 1859-இல் ரிச்சர்டு ஓவன் என்னும் உடற்கூற்றுப் பேரறிஞர்க்கு எழுதி, விலங்கின் உடலையும் சாராயத்தில் இட்டுப் பதப்படுத்தி இலண்டனுக்கு அனுப்பினார். ஓவன் அதனை உறுப்புறுப்பாக ஆராய்ந்து, 1863-இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். அதன்பின் ஐ-ஐயை அணில் என்பார் இலராயினர். பற்கள் அணிலினுடையவை போன்றிருப்பினும், உடலால் அது லெமூர் இனத்தது.

மரத்தைத் தட்டிப் புழுவை அறிதல் எங்ஙனம் இயலும்? மட்பானை வாங்குவோர் அதனைச் சுண்டிப் பார்த்து, விரிசல் உளதா இலதா என்று ஒலியால் அறிகின்றனர். பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா எனக் கூறுவாரும் உளர். திண்ணிய மரத்தின் ஒலி வேறு. உள்ளே புழு குடைந்த பொந்துடைய மரத்தின் ஒலி வேறு. ஐ-ஐ ஒரு நொடியில் எட்டு முறை வரையில் தட்ட வல்லது. எரிக்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் மரக்கட்டைகளின் உள்ளே வெற்றுக் குழிகளை அமைத்து இதனைச் சோதித்தார். அவ்வாய்வு 1991-இல் வெளிவந்தது. குழியினுள் புழுவும் இல்லை; அதன் மணமும் இல்லை; அது ஊரும் ஒலியும் இல்லை. ஆயினும் குழியுள்ள இடத்தை விலங்கு தட்டியே கண்டுபிடித்தது. மரங்கொத்தி இல்லாத நாட்டில் மரங்கொத்தியின் தொழிலை ஒரு பாலூட்டி மேற்கொண்டுள்ளது என்றே கூறலாம். அலகின் இடத்தில் பல்லும், நாவின் இடத்தில் விரலும் அமைந்தன.

புழு மட்டுமே இதன் உணவு அன்று. வன்மையான ஓடுடைய கொட்டைகளையும் இது கடித்துத் துளைக்கும். பூவின் தேனை உண்ணும். தேங்காயும் இதற்கு உவப்பானது. மட்டையையும் ஓட்டையும் பல்லால் துளைத்து, விரலைச் செலுத்தி, நீரையும் வழுக்கையையும் விரைந்து வாரி உண்ணும். தோட்டக்காரர் இதன்மேற் சினம் கொள்ளுதற்கு இதுவும் ஒரு காரணம்.

இத்துணை ஆண்டுகள் ஆராய்ந்தும் இக்கையின் புதுமை தீர்ந்தபாடில்லை. மணிக்கட்டின் அருகே, எலும்பும் குருத்தெலும்பும் சேர்ந்த சிறு பெருவிரல் போன்ற உறுப்பொன்று ஒவ்வொரு கையிலும் மறைந்திருத்தலை, வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2019-இல் கண்டறிந்தனர். 2022-இல் வெளிவந்த மற்றொரு செய்தி மாணவர்க்கு நகைப்பூட்டும். ஐ-ஐ தன் நெடுவிரலை மூக்கினுள் முழுதும் செலுத்திப் பின்னர் அதனை நக்குவது படமாக்கப்பெற்றது; தலையின் உட்புறத்தை ஆராய்ந்தபோது, அவ்விரல் தொண்டை வரையிற் செல்லும் எனத் தெரிந்தது. மரத்தில் வினைத்திறம் காட்டும் விரலுக்கு இப்பணியும் உண்டு.

இனி, அவ்விரலே இதன் சாவுக்குக் காரணமானவாறு கூறுதும். மடகாஸ்கரின் பல சிற்றூர்களில் ஐ-ஐயைக் காண்டல் தீக்குறி என்று மக்கள் நம்பினர். அது தன் மெல்லிய விரலால் எவரைச் சுட்டுமோ, அவர் இறப்பர் என்பது அவர்கள் கொள்கை. ஊருக்குள் வந்த ஐ-ஐயைக் கண்டவுடன் கொன்றுவிடுதலே தீங்கை விலக்கும் வழி எனக் கருதினர். கொன்ற உடலை ஊர்ப்புறத்தே கோலில் தொங்கவிடுவதும் சிலவிடங்களில் வழக்கமாயிற்று. அவ்வழியே செல்லும் அயலார் தீமையைத் தம்மொடு கொண்டு போவர் என்பது எண்ணம். இந்நம்பிக்கை தீவெங்கும் ஒருபடித்தாய் இல்லை. இதற்குத் தீங்கு செய்தலே குற்றம் என்று அஞ்சி விலகுவோரும் உண்டு. ஆனால் மனிதரைக் கண்டும் அஞ்சி ஓடாது, அருகே வந்து உற்றுநோக்கும் இயல்புடையது ஐ-ஐ. கொல்வார்க்கு அவ்வியல்பு எளிதாகப் போயிற்று.

கோடரியும் தீயும் காட்டைக் குறைத்தன. 1930-களில் இவ்விலங்கு அடியோடு அற்றொழிந்தது என்றே அறிஞர் பலர் எண்ணினர். 1957-இல் பெத்தேர் என்னும் பிரெஞ்சு அறிஞர் தீவின் கீழைக் காட்டில் இதனை மீண்டும் கண்டார். எஞ்சியவற்றைக் காக்கக் கருதி, 1966-இல் ஒன்பது ஐ-ஐகளைப் பிடித்து, வடகீழ்க் கரையை அடுத்த நோசி மங்காபே என்னும் சிறு தீவில் விட்டனர். பின்னாளில் தேடியபோது, எண்ணியதினும் மிகுதியான காடுகளில் இது சிதறி வாழ்வது தெரியவந்தது. எனினும் ஓரிடத்திலேனும் பெருந்தொகையாக இல்லை. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனை அழிவுக்கு இலக்காகிய உயிர்களின் வரிசையில் வைத்துள்ளது.

மடகாஸ்கர் மக்களை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. ஐ-ஐக்குத் தொலைவான உறவினதாகிய தேவாங்கு நம் நாட்டிலேயே உள்ளது. இரவில் ஒளிரும் பெருங்கண்ணும் மெல்லிய கைகாலும் உடைய இவ்வெளிய விலங்கினை, அதன் கண் மருந்தாகும் என்றும், உடல் மந்திரத்திற்கு உதவும் என்றும் நம்பிப் பிடித்துக் கொன்றவர் நம்மவரே. 2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 எக்டேர் காட்டைத் தேவாங்குகளுக்கென ஒதுக்கிக் கடவூர்ச் சரணாலயமாக அறிவித்தது. இந்தியாவில் தேவாங்கின் பொருட்டு ஏற்பட்ட முதற் சரணாலயம் இதுவே.

ஐ-ஐயின் பெருக்கம் மிக மெதுவானது. தாய் ஏறத்தாழ ஐந்தரைத் திங்கள் கருவுற்றிருந்து ஒரே குட்டியை ஈனும். அடுத்த குட்டிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும். அதுகாறும் குட்டி தாயை விடாது பின்தொடரும். தாய் கிளையைத் தட்டும்போது, அருகே அமர்ந்து, தன் சிறுவிரலால் அதுவும் தட்டிப் பார்க்கும்.