கூலியைக் காட்டும் வரைபடம்

கேமரன் மலையின் போ தேயிலைத் தோட்டம் 1929ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்துப் பார்ப்பது அன்றாட வேலை. குறிப்பிட்ட எடைவரை நாள் கூலியும், அதற்கு மேல் பறிக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் கூடுதல் தொகையும் வழங்குவது கூலி கணக்கிடும் முறைகளுள் ஒன்று. இங்கு ஒரே விதியால் கூலியைக் கணக்கிட முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் தனி விதி கொண்ட இத்தகைய தொடர்பைத் துண்டுவாரிச் சார்பு என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தோட்டத்தில் 40 கிலோவரை பறிப்பவருக்கு நாள் கூலி 60 ரிங்கிட் என்று கொள்வோம். அதற்கு மேல் கிலோவுக்கு 50 காசு. அப்படியானால் விதிகள் இரண்டு:

எடை 0 முதல் 40 வரை: கூலி = 60
எடை 40க்கு மேல்: கூலி = 60 + 0.5 × (எடை − 40)

வரைபடத் தாளில் கிடை அச்சில் எடையையும், நிலைக்குத்து அச்சில் கூலியையும் குறியுங்கள். முதலில், விதி மாறும் இடமாகிய 40ஐ அடையாளமிடுங்கள். அதற்கு இடப்புறம் 60 என்ற உயரத்தில் படுகோடு வரையுங்கள். வலப்புறம் இரண்டாம் விதியைப் பயன்படுத்துங்கள். 60 கிலோவுக்கு 70 ரிங்கிட். 80 கிலோவுக்கு 80 ரிங்கிட். இவ்விரு புள்ளிகளையும் இணைத்தால் மேல்நோக்கிச் சாயும் கோடு கிடைக்கும். அக்கோடு முதல் கோட்டின் முனையைச் சரியாகத் தொடும்.

இரண்டாம் விதியில் 40ஐக் கழிக்க மறந்து, 60 + 0.5 × எடை என்று எழுதினால் என்ன ஆகும்? 40 கிலோவுக்குச் சற்று மேல் சென்றதும் கூலி 60இலிருந்து ஏறக்குறைய 80 ரிங்கிட்டுக்குத் தாவிவிடும். ஒரு பிடி கொழுந்துக்கு 20 ரிங்கிட்டா? கணக்கில் பிழை இருப்பதை வரைபடமே காட்டிவிடும்.

ஆயினும் எல்லாத் தாவலும் பிழையன்று. நம் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் அது 2013 ஜனவரி 1இல் மாதம் 900 ரிங்கிட்டாக நடைமுறைக்கு வந்தது. 2016 ஜூலை 1இல் 1,000 ஆகவும், 2019 ஜனவரி 1இல் 1,100 ஆகவும் உயர்ந்தது. 2020இல் மாநகர், நகராண்மைக் கழகப் பகுதிகளில் மட்டும் 1,200 ஆனது. கேமரன் மலை மாவட்ட மன்றத்தின் கீழ் இருப்பதால் அங்கு 1,100 ஆகவே நீடித்தது. ஐவருக்குக் குறையாத தொழிலாளர்களைக் கொண்ட முதலாளிகளுக்கு 2022 மே 1 முதல் 1,500, 2025 பிப்ரவரி 1 முதல் 1,700 என்று விதிக்கப்பட்டது. உள்நாட்டவர், வெளிநாட்டவர் என்ற வேறுபாடின்றித் தோட்டத் தொழிலாளர்க்கு இது பொருந்தும்.

கேமரன் மலையின் பெரிய தோட்டமொன்றுக்கு இதை வரைந்தால் படிக்கட்டு போன்ற வடிவம் கிடைக்கும். ஒவ்வொரு படியும் ஒரு படுகோடு. 2022 மே 1ஆம் நாளுக்கு நேராக, 1,100 கோட்டின் வலது முனையில் வெற்று வட்டம் இடவேண்டும். 1,500 கோட்டின் இடது முனையில் நிரப்பிய வட்டம் இடவேண்டும். நிரப்பிய வட்டம் அந்தப் புள்ளி கோட்டைச் சேர்ந்தது என்பதைக் குறிக்கும். வெற்று வட்டம் சேராதது என்பதைக் குறிக்கும். இரண்டு படிகளையும் நிலைக்குத்துக் கோட்டால் இணைக்கக் கூடாது. இணைத்தால் ஒரே நாளுக்குப் பல சம்பளங்கள் இருப்பதாகப் பொருள்படும். அது சார்பு ஆகாது.

இந்தச் சிறு வட்டங்களை மாற்றி இட்டால், மே முதல் நாளுக்குப் பழைய சம்பளமே உரியது என்றாகிவிடும். சட்டத்தில் 'முதல்' என்ற சொல் செய்யும் வேலையை, வரைபடத்தில் நிரப்பிய வட்டம் செய்கிறது. சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பவர் முதலில் கவனிக்க வேண்டியதும் விதி மாறும் அந்த இடத்தையே.

இப்போது முதல் வரைபடத்துக்குத் திரும்புங்கள். 55 கிலோ பறித்தவரின் கூலியை அதிலிருந்து படித்தறியுங்கள். பிறகு விதியைக் கொண்டு கணக்கிடுங்கள். இரண்டிலும் 67 ரிங்கிட் 50 காசு கிடைத்தால் உங்கள் வரைபடம் சரி.