பந்தும் பம்பரமும்

கால்பந்து என்றவுடன் நம் கண்முன் வருவது உருண்டைப் பந்தும், மைதானத்தின் இரு முனைகளிலும் நிற்கும் கோல் கம்பங்களுமே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அதே பெயரால் வழங்கும் ஆட்டம் முற்றிலும் வேறானது. அங்கே பந்து, முட்டையின் இரு முனைகளையும் கூராக்கினாற் போன்ற வடிவம் உடையது. காலால் உதைப்பது குறைவு. கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதே மிகுதி. அணிக்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும்; தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரியின் கடைசிக் கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டு சேர்ப்பதற்கு 'டச்டவுன்' என்று பெயர். அதற்கு 6 புள்ளிகள். பின்னர்க் கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்தால் இன்னும் ஒரு புள்ளி. இந்த ஆட்டத்தைக் கண்ணால் பாராத நமக்கு இவ்வளவு தெரிந்தால் போதும்.

இண்டியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழக மாணவர்கள் 1913-ஆம் ஆண்டு ஆடிய ஆட்டங்களே இக்கட்டுரையின் பொருள். அவர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. விதி எல்லாருக்கும் பொது. பந்து எல்லாருக்கும் பொது. இயற்பியல் விதியோ உலகத்துக்கே பொது. இருந்தும் அவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஒரு கோடை முழுவதும் உழைத்துப் பழகியவர்கள் மிகச் சிலரே என்பதுதான் நாம் நோக்கத் தக்கது.

உயிர் குடித்த ஆட்டம்

முதலில், பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற விதி ஏன் வந்தது என்று பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஆட்டம் ஏறக்குறைய ஒரு கைகலப்பாகவே இருந்தது. பந்தை ஏந்தியவனை நடுவில் வைத்து, மற்றவர்கள் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு ஆப்பு வடிவில் எதிரணி மீது பாய்வார்கள். 1892-இல் ஹார்வர்டு அணி யேல் அணிக்கு எதிராக இம்முறையைக் கையாண்டது. இரண்டே ஆண்டில் அதற்குத் தடை வந்தது. எனினும் கூட்டமாய் முட்டி மோதும் வழக்கம் ஒழியவில்லை. எலும்பு முறிவது அன்றாடச் செய்தி ஆயிற்று; ஆண்டுதோறும் இளைஞர்கள் இறந்தார்கள். 1905 அக்டோபர் 9 அன்று குடியரசுத் தலைவர் தியோடர் ரூசுவெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகியவற்றின் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து, ஆட்டத்தைத் திருத்துமாறு வற்புறுத்தினார். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று நியூயார்க் பல்கலைக்கழகத்துடன் ஆடுகையில் யூனியன் கல்லூரி மாணவர் ஒருவர் அடிபட்டு மாண்டார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஆட்டத்தையே கைவிட்டது. படிக்க அனுப்பிய பிள்ளை பிணமாய்த் திரும்பினால் எந்தப் பெற்றோர்தாம் பொறுப்பர்?

கூட்டத்தைக் கலைக்க வேண்டுமானால் ஆட்டம் பரந்து விரிய வேண்டும் என்று முடிவு செய்து, 1906-இல் பந்தை முன்னோக்கி எறிய இசைவு தந்தார்கள். அதிலும் தயக்கம் இருந்தது. எறிந்த பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தால் அது எதிரணிக்குச் சொந்தம். இத்தகைய தண்டனைக்கு அஞ்சிப் பெரிய கல்லூரிகள் பழையபடியே முட்டி மோதிக்கொண்டிருந்தன. 1912-இல்தான் தடைகள் தளர்ந்தன. 20 கெஜத்துக்கு மேல் எறியலாகாது என்ற வரம்பு நீங்கியது. மூன்றாக இருந்த முயற்சிகள் நான்காயின. பந்தும் மெலிந்தது, அதன் இடுப்புச் சுற்றளவு 22½ முதல் 23 அங்குலம் என வரையறுக்கப்பட்டது.

பந்து ஏன் சுழல வேண்டும்?

இந்த மெலிவு சிறிய செய்தி அன்று. சுற்றளவு 23 அங்குலம் என்றால் விட்டம் 7.3 அங்குலம். நீளமோ 11 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கிட்டுப் பார்த்தால், பந்து பக்கவாட்டில் செல்லும்போது காற்றை எதிர்கொள்ளும் பரப்பு, கூர்முனை முன்னே செல்லும்போது உள்ளதைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகிறது. எனவே கூர்முனை முன்னே சென்றால்தான் பந்து தூரம் போகும். ஆனால் சும்மா எறிந்த பந்து அப்படிப் போகாது. முனையில் தாக்கும் காற்று அதைப் புரட்டிவிடும். பந்து குட்டிக்கரணம் போட்டுக்கொண்டு எங்கேயோ விழும்.

இதற்கு மருந்து சுழற்சி. எறியும்போது விரல்களால் பந்தை அதன் நீள அச்சைச் சுற்றிச் சுழலவிட்டால் அதற்குக் கோண உந்தம் கிடைக்கிறது. பம்பரம் விட்டவர்க்கு இது எளிதில் விளங்கும். சுழலாத பம்பரத்தை ஆணியின்மேல் நிறுத்த முடியாது. சுழலும் பம்பரம் சாய்ந்தாலும் உடனே விழுவதில்லை; அதன் அச்சு மெல்ல வட்டமிட்டு வருகிறது. விழச்செய்ய வேண்டிய திருப்புவிசை, அச்சைச் சுற்றிவரச் செய்வதோடு நின்றுவிடுகிறது.

இங்கே ஒரு புதிர் உண்டு. சுழலும் பொருளின் அச்சு திசை மாறாது என்று படிக்கிறோம். அப்படியானால் மேல்நோக்கி எறிந்த பந்து, இறங்கும்போதும் மூக்கை மேலே தூக்கியபடியே இறங்க வேண்டும். உண்மையில் நன்றாக எறியப்பட்ட பந்தோ, பாதை வளைய வளையத் தானும் மூக்கைத் தாழ்த்திக்கொள்கிறது. ரிச்சர்டு பிரைஸ், வில்லியம் மாஸ், டிமதி கே என்ற மூவர் 2020-இல்தான் இதற்கு எளிய விளக்கம் வெளியிட்டனர். மூக்கைத் தூக்கிப் புரட்ட முயலும் அதே காற்றுதான், பந்து சுழல்வதால், அச்சைப் பயணத் திசையைச் சுற்றி வட்டமிடச் செய்கிறது. பயணத் திசை கீழே சாயும்போது வட்டத்தின் நடுவும் உடன் சாய்கிறது. பகையாய் வந்த விசையே வழிகாட்டி ஆகிவிடுகிறது! 1913-இல் பந்தெறிந்தவர்களுக்கு இக்காரணம் தெரியாது. கை மட்டும் அறிந்திருந்தது.

ஏரிக்கரையில் ஒரு கோடை

அணித்தலைவர் நூட் ராக்னி நார்வே நாட்டில் 1888-இல் பிறந்தவர். ஐந்து வயதில் சிகாகோ நகருக்கு வந்த குடும்பம். நான்கு ஆண்டுகள் அஞ்சலகத்தில் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, 22 வயதில்தான் கல்லூரியில் காலடி வைத்தார். வேதியியலில் தேர்ந்தவர். பிற்காலத்தில் செயற்கை ரப்பருக்கு வழிவகுத்த ஜூலியஸ் நியூலண்டு அவர்களின் ஆய்வகத்தில் உதவியாளராகப் பணியாற்றியவர். விளையாட்டும் படிப்பும் ஒரே ஆளிடம் இரா என்று சொல்வோர் இதைக் கவனிக்க வேண்டும். பந்தெறியும் கஸ் டோரே சுமார் 145 பவுண்டு எடையுள்ள சிறிய உருவினர். முட்டி மோதும் ஆட்டத்துக்கு இருவருமே அளவால் ஏற்றவர் அல்லர்.

1913 கோடை விடுமுறையில் இருவரும் ஒஹையோ மாநிலத்தில், ஏரி ஏரியின் கரையிலுள்ள சீடார் பாயின்ட் என்னும் உல்லாசத்தலத்தில் வேலைக்குச் சேர்ந்தனர். (அந்த ஏரிக்கு 'ஏரி' என்பதே பெயர், அச்சுப் பிழை அன்று.) ஓய்வு நேரமெல்லாம் மணலில் டோரே எறிவார், ராக்னி பிடிப்பார். அக்காலத்தில் பலர் நின்றுகொண்டு வயிற்றோடு பந்தை அணைத்துப் பிடித்தனர். ராக்னியோ முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, கைகளைத் தளர்வாக வைத்துப் பிடிக்கப் பழகினார். ஓடுபவன் எங்கே இருக்கிறானோ அங்கே அன்று, எங்கே இருப்பானோ அங்கே பந்து போய்ச் சேர வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. பழகுவதற்கு ஒரு கோடை ஆயிற்று.

நவம்பர் முதல் நாள்

அண்டை மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் பல நோட்டர் டேமுடன் ஆட முன்வரவில்லை. ஆகவே பயிற்சியாளர் ஜெஸ்ஸி ஹார்ப்பர் தொலைவிலுள்ள அணிகளுக்குக் கடிதம் எழுதினார். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி 1000 டாலர் வழிச்செலவு தந்து அழைத்தது. அதற்குமுன் சொந்த மைதானத்தில் மூன்று வெற்றிகள் (87–0, 20–7, 62–0). இவற்றில் ஒன்றையும் ராணுவ வீரர்கள் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

1913 நவம்பர் 1. தொடக்கத்தில் ஆட்டம் இழுபறிதான். ராக்னி சில முறை நொண்டுவதுபோல் நடித்தார் என்பது அவரே பின்னாளில் கூறிய செய்தி. 'இவனால் ஆபத்தில்லை' என்று காவலர் அசட்டையாய் இருந்த நேரத்தில் திடீரென்று பாய்ந்து ஓடினார், டோரே எறிந்த பந்து கைக்கு வந்தது, டச்டவுன்! இடைவேளையில் 14–13 என நோட்டர் டேம் ஒரே புள்ளி முன்னிலை. அதன்பின் ராணுவத்தார் நெருக்கி நின்றால் தலைக்கு மேலே பந்து பறந்தது. அதைத் தடுக்க விலகி நின்றால் ஐக்கன்லாப் என்ற வலிய ஆட்டக்காரர் நடுவே பிளந்துகொண்டு ஓடினார். 17 முறை எறிந்ததில் 14 பந்துகள் பிடிபட்டன. மொத்தம் 243 கெஜம். முடிவு 35–13. அப்பருவத்தில் ராணுவக் கல்லூரி தோற்ற ஆட்டம் இது ஒன்றுதான்.

பிறகு நோட்டர் டேம் அணி ரயிலேறி பென்சில்வேனியாவில் 14–7, செயின்ட் லூயிஸ் நகரில் 20–7, டெக்சஸில் 30–7 என வென்று திரும்பியது. ஏழு ஆட்டம், ஏழு வெற்றி. பெற்ற புள்ளிகள் 268, கொடுத்தவை 41.

முன்னெறிதலே இந்த ஆட்டத்தில்தான் பிறந்தது என்று எழுதுவோர் உண்டு. அது சரியன்று. எட்டி கோச்செம்ஸ் பயிற்றுவித்த செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக அணி, விதி வந்த 1906-ஆம் ஆண்டிலேயே பந்தை எறிந்து ஆடி 11 ஆட்டங்களிலும் வென்றது. ஆனால் அது நடந்தது கிழக்குக் கரைப் பத்திரிகைகளின் கண்ணுக்கு எட்டாத மேற்கில். வெஸ்ட் பாயின்ட்டோ நியூயார்க் நகருக்கு அருகில் இருந்தது!

தோற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. அதே மாதம் 29-ஆம் தேதி கடற்படைக் கல்லூரியுடன் மோதியபோது, ராணுவ அணியின் பிரிச்சார்டு எறிய மெரிலாட் பிடிக்க, 22–9 என வென்றனர். மறு ஆண்டு நோட்டர் டேம் மீண்டும் வெஸ்ட் பாயின்ட்டுக்கு வந்தது. அம்முறை ராணுவத்தார் 20–7 என்று வென்றார்கள்.