தந்தி ஏன் கரகரக்கிறது?

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பழமொழி. நானோ ஆழம் தெரியாமல் திருகுகளில் கையை விட்டேன். அதனால் நான் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

நம் பள்ளி இசை அறையில் ஒரு மின் பேஸ் கிதார் இருப்பதை அறிவீர்கள். ஆண்டு விழாச் சேர்ந்திசைக்கு அதை வாசிக்கும் பொறுப்பை இசை ஆசிரியையான சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்தார்கள். பழைய தந்திகள் துருப்பிடித்திருந்தன. விரல் நோகாது என்று எண்ணி, மெல்லிய தந்திகளாகப் பார்த்து வாங்கிப் பூட்டினேன். மூன்றாம் நாளே தந்தி கரகரக்கத் தொடங்கியது. தகரத்தில் வண்டு மோதுவது போன்ற ஓசை! விழாவுக்கோ பத்தே நாட்கள்.

தந்தி எதிலோ உரசுகிறது, உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்று நினைத்து, யாரையும் கேட்காமல் குதிரையில் உள்ள திருகுகளை எல்லாம் திருகி, நான்கு தந்திகளையும் உயர்த்தினேன். கரகரப்பு போகவில்லை. விரல் நுனி சிவந்ததுதான் மிச்சம். "நீ எதையாவது திருகினாயா?" என்று சிஸ்டர் கேட்டபோது, "இல்லை, சிஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கருவியின் அமைப்பு

பேஸ் கிதாருக்கு நான்கு தந்திகள். அவற்றுள் மிகத் தடித்த 'ஈ' தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். மிக மெல்லிய 'ஜி' தந்தி 98 முறை அதிரும். பெரும்பாலான பேஸ் கிதார்களில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம். இவ்வளவு நீண்டு தடித்த தந்தி அதிரும்போது அகலமாக ஊசலாடும். அதற்குப் போதிய இடம் வேண்டும்.

முன்பெல்லாம் இவ்வகை இசைக்கு ஆளுயர டபுள் பேஸ் என்னும் கருவியையே வாசித்தார்கள். அதன் கழுத்தில் மெட்டுகள் இல்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட மின் பேஸில் உலோக மெட்டுகள் இருந்தன. வீணையில் மெட்டு என்பதைத்தான் கிதாரில் ஃபிரெட் என்கிறோம். விரலை அழுத்தினால் சுருதி துல்லியமாக விழும் என்பதால் அக்கருவிக்கு 'பிரிசிஷன் பேஸ்' என்று பெயரிட்டனர். ஃபிரெட்டால் சுருதி துல்லியமாயிற்று. தந்தி தட்டுவதற்கு ஓர் உலோக விளிம்பும் கூடவே வந்து சேர்ந்தது.

மாமா கொடுத்த தாள்

என் மாமா மெல்லிசைக் குழு ஒன்றில் பேஸ் வாசிப்பவர். சிஸ்டரிடம் அனுமதி பெற்றுச் சனிக்கிழமை கிதாரை அவரிடம் எடுத்துச் சென்றேன்.

"எந்த இடத்தில் கரகரக்கிறது, பாப்பா?" என்றார்.

"எல்லா இடத்திலும்தான், மாமா."

"அப்படிப் பொத்தாம் பொதுவாகச் சொல்லக் கூடாது" என்று சொல்லி, ஒரு தாளில் நான்கு கோடுகள் கிழித்து, குறுக்கே இருபது கோடுகள் போட்டுக் கொடுத்தார். முதலில் சுருதி சேர்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு தந்தியையும் வெறுமனே ஒரு முறை மீட்டி, அடுத்து இருபது ஃபிரெட்டுகளிலும் அழுத்தி ஒரே பலத்தில் மீட்டி, கரகரத்த இடத்தில் பெருக்கல் குறி போடச் சொன்னார். மொத்தம் 84 முறை மீட்டினேன். முடித்துப் பார்த்தால், குறிகள் எல்லாம் முதல் ஐந்து ஃபிரெட்டுகளுக்குள்ளேயே கூடிக் கிடந்தன! மேலே ஒன்றுகூட இல்லை. "எல்லா இடத்திலும்" என்று நான் சொன்னது தவறு என்பதைத் தாளே காட்டிவிட்டது.

பிறகு மாமா தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தச் சொன்னார். அப்போது தந்தியே நேர்கோடு ஆகிவிடும். நடுவில், ஏழாவது எட்டாவது ஃபிரெட்டுக்கு மேல், ஏறத்தாழ 0.3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். ஒரு விசிட்டிங் கார்டின் கனம் என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் கிதாரில் மெல்லிய தாள்கூட நுழையவில்லை. கழுத்து நிமிர்ந்துவிட்டது!

காரணம் என்ன?

நான்கு தந்திகளும் சேர்ந்து கழுத்தைப் பெரும் பலத்தோடு முன்னோக்கி இழுக்கின்றன. அதை எதிர்த்து நிற்கக் கழுத்துக்குள் 'டிரஸ் ராட்' என்ற எஃகுக் கம்பி பதிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு இழுப்பும் சமமாக இருந்தால், கழுத்து மிக இலேசாக முன்புறம் குழிந்து நிற்கும். அந்தக் குழிவே தந்தி ஊசலாடுவதற்கான இடம். நான் மெல்லிய தந்தி பூட்டியதும் இழுப்பு குறைந்தது. கம்பியின் பலம் ஓங்கியது, குழிவு மறைந்தது. விரல் நோகக் கூடாது என்று நான் செய்த காரியமே வினையாயிற்று.

சரி, குதிரையை உயர்த்தியும் ஏன் பயனில்லை? நாம் கணக்கில் படிக்கும் வடிவொத்த முக்கோணங்கள் இதற்கு விடை சொல்கின்றன. குதிரைப் பக்கம் தந்தியை 2 மி.மீ. உயர்த்தினால், பாதி தூரத்தில் உள்ள 12-ஆவது ஃபிரெட்டின் மேல் அது 1 மி.மீ. உயரும். முதல் ஃபிரெட்டின் மேலோ 0.1 மி.மீ. அளவே உயரும். நோய் ஒரு கோடியில்; நான் மருந்து தடவியது மறு கோடியில்!

சரிசெய்த முறை

மாமா டிரஸ் ராட் திருகில் ஆலன் சாவியைப் பொருத்தி, இடப்புறமாகக் கால் சுற்று மட்டும் தளர்த்தினார். பெரும்பாலான கிதார்களில் இடப்புறம் திருப்பினால் குழிவு கூடும். வலப்புறம் திருப்பினால் கழுத்து நிமிரும். ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. இறுகியிருந்தால் வலிந்து திருகவும் கூடாது. கம்பி முறிந்தால் கழுத்தே பாழாகும். மீண்டும் சுருதி சேர்த்து, மரம் நிலைகொள்ள ஒரு நாள் விட்டுவைத்தோம். மறுநாள் அளந்தால் விசிட்டிங் கார்டு சரியாக நுழைந்தது. அதன் பிறகே குதிரையைத் தொட்டோம். 17-ஆவது ஃபிரெட்டின் மேல் தடித்த தந்திக்கு 2.4 மி.மீ., மெல்லிய தந்திக்கு 2 மி.மீ. இருக்கும்படி இறக்கினோம். கரகரப்பு போயிற்று; விரல் வலியும் போயிற்று.

கரகரப்பு வேறு இடங்களில் வந்தால் காரணமும் வேறு. மாமா சொன்னவற்றைக் கீழே தருகிறேன்.

1. தந்தியைக் கையால் மூடிய பிறகும் ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்று இரைந்தால், அது மின் இரைச்சல். கேபிளையும் மின் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

2. எங்கே அழுத்தினாலும் ஒரே விதமாகக் கலகலத்தால், முறுக்காணித் திருகோ குமிழோ தளர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றாக விரலால் அழுத்திக்கொண்டு மீட்டினால் குற்றவாளி அகப்படும்.

3. வெறும் தந்தி மட்டும் கரகரத்து, விரல் வைத்ததும் நின்றுவிட்டால், கழுத்தின் தலைப்பில் தந்தி கடந்துசெல்லும் 'நட்' என்னும் துண்டின் பள்ளம் ஆழமாகிவிட்டது என்று பொருள்.

4. 12-ஆவது ஃபிரெட்டுக்கு மேல் மட்டும் கரகரத்தால், குதிரை தாழ்ந்திருக்கலாம். கழுத்து அளவுக்கு மிஞ்சிக் குழிந்தும் இருக்கலாம். எனவே முதலில் குழிவை அளக்க வேண்டும்.

5. ஒரே ஓர் இடத்தில் மட்டும் என்றால், அதற்கு அடுத்த ஃபிரெட் மேலெழும்பி இருக்கலாம். மூன்று ஃபிரெட்டுகளின் மேல் ஒரு சிறிய இரும்பு ஸ்கேலை வைத்தால், நடுவில் உள்ளது உயர்ந்திருந்தால் ஸ்கேல் ஆடும். அதை அராவுவது கைதேர்ந்தவர் வேலை.

6. எல்லாம் சரியாக இருந்தும் கரகரத்தால் கருவியைக் குறை சொல்லாமல், நாம் எவ்வளவு ஓங்கி மீட்டுகிறோம் என்று பார்க்க வேண்டும். ஒலிபெருக்கியில் கேட்காத சிறு சலசலப்பைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

இன்னொரு வியப்பையும் மாமா சொன்னார். தம்பூராவில் குதிரைக்கும் தந்திக்கும் இடையே ஒரு நூலை வைத்து, தந்தி குதிரையை இலேசாக உரசும்படி வேண்டுமென்றே செய்கிறார்கள். அதனால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது. அங்கே உயிராக இருக்கும் உரசல், இங்கே குறையாகிறது. எது எங்கே இருக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

நோய் எது, அதன் காரணம் எது என்று ஆராய்ந்த பிறகே தீர்க்கும் வழியைத் தேட வேண்டும் என்று 'மருந்து' அதிகாரத்தில் திருவள்ளுவர் கூறியிருப்பதை மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் வாங்கியவள் நான். ஆயினும் அந்தத் தாளில் பெருக்கல் குறி போட்ட அன்றுதான் அதன் பொருள் எனக்கு விளங்கிற்று.

திங்கட்கிழமை காலை கிதாரோடு அந்தத் தாளையும் சிஸ்டரிடம் கொடுத்தேன். "நான்தான் திருகினேன், சிஸ்டர். பொய் சொல்லிவிட்டேன்" என்றேன். சிஸ்டர் தாளை நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, "இதை இசை அறைச் சுவரில் ஒட்டு. அடுத்து வாசிக்க வருகிறவளுக்கு உதவும்" என்றார்கள். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்தத் தாள் இன்றும் அங்கே இருக்கிறது. தோழியரே, உங்கள் கருவி கரகரத்தால் திருகைத் தொடுவதற்கு முன் பென்சிலை எடுங்கள்.