மாமாவோட கேன்டீன் கான்ட்ராக்டில் 3 லட்சம் போடலாமா? திருமழிசை மார்க்கெட் சொல்லித் தந்த பாடம்



ஒரு உதாரணத்தோட ஆரம்பிக்கலாம். உங்களுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. மூணு வருஷமா சேர்த்த 3 லட்சம் பேங்க்ல இருக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்கு வந்து, "மாப்ளே, ஒரு ஃபேக்டரி கேன்டீன் கான்ட்ராக்ட் கிடைச்சிருக்கு. மனுஷன் சாப்பிடாம இருப்பானா? நஷ்டமே வராது. 3 லட்சம் போடு, பார்ட்னரா சேர்த்துக்கறேன்"னு சொல்றார்.

சாப்பாட்டுத் தொழில் நிக்காதுங்கறது பாதி உண்மைதான். மீதிப் பாதி 2020ல நம்ம திருவள்ளூர் மாவட்டத்திலேயே தெரிஞ்சது.

2020ல என்ன நடந்தது?

மார்ச் 25ல ஊரடங்கு ஆரம்பிச்சப்போ உணவுப் பொருளுக்கு விலக்கு இருந்தது. ஆனா கோயம்பேடு மார்க்கெட்டில் கொரோனா வேகமா பரவினதால, மே 5ல மார்க்கெட்டையே மூடிட்டாங்க. காய்கறி மொத்த வியாபாரத்தை பூந்தமல்லி தாண்டி இருக்கிற திருமழிசைக்கு மாத்தினாங்க. 295 ஏக்கரில் ஆயிரக்கணக்கான கடைகளோட இருந்த மார்க்கெட்டுக்குப் பதிலா, சுமார் 200 தற்காலிகக் கடைகள்தான். மழை பெஞ்சா சேறு, அழுகின காய். செப்டம்பர் 28லதான் கோயம்பேட்டில் காய்கறி மொத்தக் கடைகள் திரும்பத் திறந்தாங்க.

அதாவது, பசி நிக்கல, சப்ளைதான் தடுமாறினது. கேன்டீன்காரருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. பெரும்பாலான ஃபேக்டரிகள் மூடினதால, சாப்பிட வர்ற ஆளே இல்லை!

ரிஸ்க் 1: விலை ஏறினாலும் ஒப்பந்தம் மாறாது

கணக்கு போட்டுப் பார்ப்போம். தினம் 400 சாப்பாடு, மாசம் 25 நாள். ஆக 10,000 சாப்பாடு.

- கம்பெனி தர்ற விலை: ரூ.45
- செலவு: ரூ.41 (இதில் காய்கறி ரூ.10)
- மாத லாபம்: ரூ.40,000

காய்கறி விலை 50% ஏறினா செலவு ரூ.46 ஆயிடும். ரூ.40,000 லாபம் ரூ.10,000 நஷ்டமா மாறிடும்.

"கொரோனா வந்துச்சு, கட்டுப்படியாகல"ன்னு விலகிட முடியுமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 56 செய்யவே முடியாமப் போன வேலைக்குத்தான் பொருந்தும். செலவு கூடினதுக்குப் பொருந்தாது. 2017ல எனர்ஜி வாட்ச்டாக் வழக்கில், இந்தோனேசிய நிலக்கரி விலை ஏறினதைக் காரணமா சொன்ன மின் நிறுவனங்களுக்கும் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. அதனால ஒப்பந்தத்தில் ரெண்டு வரி இருக்கான்னு பாருங்க: விலையைத் திருத்தும் பிரிவு, தொற்றுநோயைப் பேர் சொல்லிக் குறிப்பிடும் 'ஃபோர்ஸ் மஜூர்' பிரிவு.

ரிஸ்க் 2: சட்டமே நடுவில் மாறும்

2020 ஜூன்ல வெங்காயம், பருப்பு, எண்ணெய் மாதிரி பொருட்களுக்கு இருப்புக் கட்டுப்பாட்டை மத்திய அரசு அவசரச் சட்டத்தால பெரும்பாலும் தளர்த்தினது. அதே அக்டோபரில் வெங்காய விலை ஏறினதும், மொத்த வியாபாரிக்கு 25 டன், சில்லறை வியாபாரிக்கு 2 டன்னு வரம்பு வந்துடுச்சு. "இப்ப வாங்கி குடோன்ல வச்சா லாபம்"னு யாராவது உங்களைப் பணம் போடச் சொன்னா இதை ஞாபகம் வச்சுக்குங்க.

ரிஸ்க் 3: பணம் லேட்டா வரும்

மார்க்கெட்டில் கைக்காசு கொடுத்தாதான் காய். ஆனா கம்பெனி பில் 45 நாள் கழிச்சு வரும்னா, நம்ம கணக்குப்படி 6 லட்சத்துக்கு மேல எப்பவும் மாட்டியிருக்கும். பதிவு செஞ்ச சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும், தவறினா வட்டி தரணும்னு எம்எஸ்எம்இ சட்டம் 2006 சொல்லுது. ஆனா பெரிய வாடிக்கையாளர் மேல கேஸ் போட மாமாவுக்கு மனசு வருமா? அதுவும் ஒரே வாடிக்கையாளர்னா?

ரிஸ்க் 4: உங்க கையெழுத்து

இதுதான் முக்கியமான பாயின்ட். 3 லட்சம் போட்டா போறது 3 லட்சம்தானேன்னு நினைக்காதீங்க.

- சாதாரண பார்ட்னர்ஷிப்பில் சேர்ந்தா, நிறுவனத்தோட முழுக் கடனுக்கும் நீங்க பொறுப்பு. உங்க பங்கு 10% தானேன்னு சொல்ல முடியாது.
- லோனுக்கு ஜாமீன் போட்டா, கடன் வாங்கினவருக்கு இருக்கிற அதே பொறுப்பு உங்களுக்கும். சம்பள ஸ்லிப் உங்ககிட்ட இருக்கறதால பேங்க் முதல்ல உங்களையே கூப்பிடலாம்.
- கெட்டுப்போன சாப்பாட்டால உயிர் போனா, உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006 பிரிவு 65 படி குறைஞ்சது 5 லட்சம் இழப்பீடு.

'தொழில் நின்னா இஎம்ஐயும் நிக்கும்'னும் எண்ண வேண்டாம். 2020ல ரிசர்வ் வங்கி ஆறு மாசம் தவணைக்கு அவகாசம் தந்தது; அந்த மாசங்களுக்கும் வட்டி ஓடிட்டேதான் இருந்தது. தவணையைத் தள்ளிப் போட்டாங்க, தள்ளுபடி செய்யல.

அப்போ மாமாகிட்ட என்ன சொல்றது?

1. முதல்ல ஆறு மாசச் செலவை எமர்ஜென்சி ஃபண்டா தனியா எடுத்து வைங்க. உங்க ஃபேக்டரி மூடினா பக்கத்து ஃபேக்டரி கேன்டீனும் மூடியிருக்கும். சம்பளமும் முதலீடும் ஒரே நேரத்தில் போகும்.
2. மீதியில், போனாலும் தாங்கக்கூடிய தொகையை மட்டும் கொடுங்க. பார்ட்னரா வேண்டாம், கடனா எழுதி வாங்குங்க.
3. ஜாமீன் கையெழுத்து வேண்டாம்.
4. ஒப்பந்தத்தைக் கொடுக்கச் சொல்லி நீங்களே படிங்க. பெரிய தொகைன்னா ஒரு வக்கீல்கிட்ட காட்டுங்க. அந்த ஃபீஸ்தான் இதில் மலிவான செலவு.

மாமாவுக்குக் கோபம் வரலாம். "மாமா, உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஒப்பந்தத்து மேலதான் சந்தேகம்"னு சொல்லிப் பாருங்க.

இந்தக் கணக்கை ஸ்டெப் பை ஸ்டெப்பா நம்ம சேனல் வீடியோவிலும் போட்டுக் காட்டறேன். உங்களுக்கும் இப்படி ஒரு மாமா இருந்தா கமெண்டில் எழுதுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்!