கையளவுக் கணினியும் கண்காணா இயங்குதளமும்

முன்னுரை

அறிவியல் வளர வளரக் கருவிகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. 1981-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஆஸ்போர்ன் 1, வணிக வெற்றி கண்ட முதல் எடுத்துச்செல்லும் கணினி எனப் போற்றப்படுகிறது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோ. திரையோ 5 அங்குலம்! இன்று அதனினும் பெரிய திரையுடன், சுமார் 200 கிராம் எடையில், நம் சட்டைப் பைக்குள் கணினி குடியிருக்கிறது. இவ்வளர்ச்சியைப் பேசுவோர் பெரும்பாலும் எடையையும் விலையையும் வேகத்தையுமே பேசுகின்றனர். ஆனால் இக்கருவிகளின் வாழ்வையும் வீழ்ச்சியையும் பெரிதும் முடிவு செய்தது கண்ணுக்குத் தெரியாத இயங்குதளமே. அதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இயங்குதளம் என்பது யாது?

எங்கள் தளவாய்புரம் நைட்டித் தையலுக்குப் பெயர் பெற்ற ஊர். துணி இருக்கலாம், தையல் இயந்திரம் இருக்கலாம், தைக்கும் கைகளும் இருக்கலாம். அளவு பார்த்துத் துணியை வெட்டித் தருபவர் இல்லையேல் வேலை நடவாது. எந்தத் துண்டு எதனோடு சேர வேண்டும் என்பது அந்த வெட்டிலேயே முடிவாகிவிடுகிறது. கணினியில் அப்பணியைச் செய்வது இயங்குதளம். நினைவகம், திரை, மின்கலம் முதலியவற்றைப் பங்கிட்டுக் கொடுப்பதும், செயலிகள் எம்முறையில் எழுதப்பட வேண்டும் என விதிப்பதும் அதுவே.

ஓர் இயங்குதளத்துக்கு எழுதிய செயலி மற்றொன்றில் அப்படியே ஓடாது. ஆகவே மக்கள் மிகுந்துள்ள தளத்துக்கே செயலி எழுதுவோர் செல்கின்றனர். செயலிகள் மிகுந்துள்ள தளத்துக்கே மக்களும் செல்கின்றனர். இச்சுழற்சியில் முந்தியவர் மேலும் முந்துவர். பிந்தியவர் மீள்வது அரிது.

சிம்ப்யூட்டர் தந்த பாடம்

பெங்களூரில் இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் இணைந்து 2001-இல் சிம்ப்யூட்டர் என்னும் கையடக்கக் கணினியை உலகுக்குக் காட்டினர். லினக்ஸ் இயங்குதளம், தொடுதிரை, ஒரே கருவியைப் பலர் பகிர்ந்துகொள்ள உதவும் நுண்ணட்டை, எழுத்தறியாதவருக்கும் இந்திய மொழிகளில் படித்துக் காட்டும் குரல் ஆகியவை அதன் சிறப்புகள். 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் துணையுடன் ‘அமிடா’ என்ற பெயரில் சுமார் 10,000 ரூபாய் விலையில் அது விற்பனைக்கு வந்தது. ஐபோன் அறிமுகமானது அதற்கு மூன்றாண்டுகள் கழித்தே என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

எனினும் எதிர்பார்த்த விற்பனை வாய்க்கவில்லை. மலிவான செல்பேசிகள் அதே காலத்தில் நாடெங்கும் பரவின. சிம்ப்யூட்டருக்கென்று செயலி எழுதும் பெருங்கூட்டமும் உருவாகவில்லை. கருவி சிறந்தது, அதைச் சுற்றி ஓர் உலகம் அமையவில்லை.

ஸ்ரீபெரும்புதூர் தந்த பாடம்

2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சக் காலத்தில் ஏறத்தாழ 8,000 பேர் அங்கு நேரடியாக வேலை பார்த்தனர். அவர்களுள் பெரும்பாலோர் இளைஞர்கள். பெண்களும் மிகப் பலர். அந்நாளில் உலகின் முதல்நிலைச் செல்பேசி நிறுவனம் நோக்கியாவே. அதன் உயர்வகைப் பேசிகளில் இயங்கியது சிம்பியன். விசைப்பலகையும் குறைந்த நினைவகமும் இருந்த காலத்துக்கென வளர்ந்த தளம் அது. 2007-இல் ஐபோனும், 2008-இல் முதல் ஆண்ட்ராய்டு பேசியும் வந்தபின் தொடுதிரைப் போட்டியில் சிம்பியன் தளர்ந்தது. 2011-இல் நோக்கியா அதைக் கைவிட்டு விண்டோஸ் போனைத் தழுவியது, அதுவும் கைகொடுக்கவில்லை. 2014-இல் செல்பேசிப் பிரிவு மைக்ரோசாப்ட் வசம் சென்றது. வரி வழக்கில் சிக்கியிருந்த தமிழக ஆலை அவ்விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பர் முதல் நாள் உற்பத்தி நின்றது.

மூடியதற்கு வரி வழக்கு நேரடிக் காரணம் என்பது உண்மையே. ஆனால் உலகை ஆண்ட நிறுவனம் தன் பிரிவையே விற்கும் நிலைக்கு வந்ததற்கு இயங்குதளத் தோல்வி பெருங்காரணம் அன்றோ? எங்கோ எழுதப்பட்ட மென்பொருளின் தளர்ச்சி, இங்கே பொருத்துமேசையில் உழைத்தவரின் சம்பளத்தைத் தொட்டது. பின்னர் சால்காம்ப் நிறுவனம் அவ்வளாகத்தை வாங்கியது. அதே வட்டாரத்தில் பாக்ஸ்கான் ஐபோன்களைப் பொருத்துகிறது. வேலை திரும்பியது மகிழ்ச்சியே. ஆயினும் வெட்டும் கை இன்னும் வெளியூரில்தான் உள்ளது.

இன்றைய நிலை

இன்று உலகத் திறன்பேசிகளை ஆள்பவை ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் மட்டுமே எனலாம். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை 2013-இல் ஆண்ட்ராய்டுப் பிரிவின் பொறுப்பை ஏற்றது நமக்குப் பெருமை. ஆனால் தனிமனிதர் உயர்வதும் ஒரு சமுதாயம் ஆற்றல் பெறுவதும் வேறு வேறு. 2019-இல் அமெரிக்க அரசின் தடையால் சீனத்து ஹுவாவே நிறுவனத்தின் புதிய பேசிகள் கூகுள் சேவைகளை இழந்தன. அந்நிறுவனம் ஹார்மனி ஓஎஸ் என்னும் சொந்தத் தளத்தை வளர்த்தெடுத்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் அடைகாக்கப்பட்ட நிறுவனம் ஒன்று 2023-இல் பார்ஓஎஸ் தளத்தை அறிமுகம் செய்தது. ஆண்ட்ராய்டின் திறந்த மூலநிரலே அதற்கு அடித்தளம்.

முடிவுரை

மாணவ நண்பர்களே! புதிய பேசியின் விலையையும் படக்கருவியையும் ஒப்பிடுவதோடு நம் ஆர்வம் நின்றுவிடலாகாது. லினக்ஸின் மூலநிரலும் ஆண்ட்ராய்டின் அடிப்படை நிரலும் எவரும் படிக்கத் திறந்தே கிடக்கின்றன. 2011 முதல் தமிழக அரசு வழங்கிய மடிக்கணினிகளில், சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் விண்டோஸுடன் சேர்ந்தே வந்தது. ஆனால் திறந்திருக்கும் கதவு, நுழைபவருக்கே பயன்படும். ஒரு திறந்த மென்பொருளின் பிழையைக் கண்டு சொல்வதும், அதன் திரைச்சொற்களைத் தமிழாக்கித் தருவதும் நம் கல்லூரி ஆய்வகத்திலேயே இயலும். தைக்கும் கைகள் நம்மிடம் ஏராளம். வெட்டும் கலையையும் நாம் கற்றாக வேண்டும்.