பார்மசி கவுன்டரில் நிற்கப் போகிறீர்களா? முதலில் கிலோவைக் கேளுங்கள்

கீரிமலை, காங்கேசன்துறை, தெல்லிப்பளைப் பக்கம் பார்மசி வேலை தேடுகிறவர்களுக்கு நேரடியாகவே சொல்கிறேன். மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். பில் போட யாரையும் இரண்டு நாளில் பழக்கிவிடலாம். காய்ச்சல்காரக் கைக்குழந்தையோடு வருகிற தாயிடம் எப்படிப் பேசுகிறீர்கள் என்பதை வைத்துத்தான் முதலாளி உங்களை எடைபோடுவார். அந்தத் தாய்க்கு உங்கள்மேல் நம்பிக்கை வந்துவிட்டால், வீட்டிலுள்ள பிரஷர்க்காரர், சலரோகக்காரர் எல்லாருடைய மருந்தும் பக்கத்துக் கடைக்குப் போகாமல் உங்களிடம் வரும்.

1. “தம்பி, பிள்ளைக்குக் காய்ச்சல், பனடோல் பாணி ஒண்டு தாங்கோ” என்றதும் கை போத்தலுக்குப் போகக் கூடாது. “எத்தினை மாதம் அக்கா? கடைசியா நிறுக்கேக்க எத்தினை கிலோ?” என்று கேளுங்கள். ஞாபகமில்லை என்றால் கிளினிக் கார்டில் மிட்வைஃப் எழுதிய நிறை இருக்கும். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல் என்றால் விற்பனையை மறந்துவிடுங்கள். உடனே தெல்லிப்பளை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள். இரண்டு மாதத் தடுப்பூசி போட்டு வந்த காய்ச்சல் என்று தாய் சொன்னாலும் நீங்களாக முடிவெடுக்க வேண்டாம், பார்மசிஸ்ற்றைக் கூப்பிடுங்கள்.

2. கணக்கு கையில் இருக்க வேண்டும். பனடோலில் உள்ள மருந்து பரசிற்றமோல். அது ஒரு தடவைக்கு, ஒரு கிலோ நிறைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, 24 மணித்தியாலத்தில் நாலு தடவைக்கு மேல் இல்லை. ஆறு கிலோப் பிள்ளைக்குக் கூடியது 90 மில்லிகிராம். 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் அது 3.75 மில்லிலீற்றர்.

3. அடுத்தவரை நீங்கள் முந்தக்கூடிய இடம் இதுதான். எங்கள் ஊரில் பாதி வீட்டில் லண்டன், கனடா மருந்து இருக்கும். 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் தொடங்கியபின் இந்தியப் போத்தலும் பையில் வருகிறது. லண்டன் பரசிற்றமோல் சிரப்பான குழந்தைக் கல்போல் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான கல்போலில் அதே அளவில் 250. கனடாவின் குழந்தை டைலனோல் சொட்டு மருந்தில் ஒரே ஒரு மில்லிலீற்றரில் 80. இந்தியச் சொட்டு மருந்து சிலதில் 100. மேலே சொன்ன 3.75 மில்லிலீற்றரைக் கனடாச் சொட்டு மருந்தில் ஊற்றினால் 300 மில்லிகிராம் உள்ளே போய்விடும், அதாவது மூன்று மடங்குக்கு மேல். இன்னொரு பொறி: டைலனோல் போத்தலில் அசிற்றாமினோஃபன் என்று இருக்கும். அதுவும் பரசிற்றமோல்தான். தெரியாமல் பனடோலையும் டைலனோலையும் மாறிமாறிக் கொடுக்கிற வீடுகள் உண்டு. ஆகவே “வீட்டில வேற என்ன மருந்து இருக்கு? போத்தலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கோ” என்று கேளுங்கள். வாட்ஸ்அப்பை இதற்கும் பயன்படுத்தலாம்.

தடிமன் சிரப்பும் சேர்த்துக் கேட்டால் கொடுக்காதீர்கள். பலதில் பரசிற்றமோல் ஏற்கெனவே கலந்திருக்கும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற கோல்ட்ரிப், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான தடிமன் சிரப். அதில் டைஎத்திலீன் கிளைக்கோல் நச்சு கலந்திருந்தது.

4. தேக்கரண்டியை நம்பாதீர்கள், வீட்டுக்கு வீடு அளவு வேறு. ஊசியில்லாத சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, 3.75க்குப் பேனாவால் கோடு போட்டுக் காட்டுங்கள். கன்னத்தின் உட்பக்கமாக, மெல்ல மெல்ல விடச் சொல்லுங்கள். பால்போத்தலில் கலந்தால் பிள்ளை பாதியில் விட்டுவிடும், எவ்வளவு மருந்து போனது என்று யாருக்கும் தெரியாது. கவுன்டரில் அரை நிமிஷம் கூடுதலாகும், வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும், அவரும் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.

5. மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் டெங்கு ஏறும். “பனடோலுக்குக் குறையேல்ல, ஸ்ரோங்கா ஒண்டு தாங்கோ” என்பார்கள். இபுப்புறோபன், டைக்லோஃபெனக், மெஃபெனமிக் அசிட் எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். டெங்கு என்றால் இவை இரத்தக்கசிவைக் கூட்டும். அஸ்பிரின் பிள்ளைகளுக்குக் கிட்டவும் வரக் கூடாது, ரெய்ஸ் சின்ட்ரோம் ஆபத்து.

6. இன்ரவியூவில் “குழந்தைக்குப் பனடோல் எவ்வளவு?” என்று கேட்பார்கள். “அரைத் தேக்கரண்டி, சேர்” என்பவர் அங்கேயே அவுட். “நிறை எவ்வளவு, போத்தலில் எத்தினை மில்லிகிராம் என்று பார்த்துக் கணக்கிட்டு, பார்மசிஸ்ற்றிடம் காட்டிவிட்டுச் சொல்வேன்” என்பவருக்கு வேலை. உதவியாளருக்குத் தன் எல்லை தெரிகிறதா என்பதையும் அந்த ஒரு பதிலில் அவர்கள் பார்த்துவிடுவார்கள்.

7. “கூடக் குடுத்திட்டன், ஆனா பிள்ளை விளையாடுது” என்று போன் வந்தால் சமாதானம் சொல்லாதீர்கள். அளவு மிஞ்சிய பரசிற்றமோல் ஈரலைக் கெடுக்கும். முதல் நாள் பிள்ளை சுகமாகவே தெரியலாம். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்ஸை அழைக்கச் சொல்லுங்கள். எத்தினை மணிக்கு, எவ்வளவு கொடுத்தது என்பதை எழுதி, போத்தலையும் கையோடு கொண்டுபோகச் சொல்லுங்கள்.